சொட்டுத் துளை

புயல் நாளில் ரேடியோ இவ்வளவு சுத்தமாகக் கேட்கக் கூடாது. ஜெனோவாவை முதலில் உறுத்தியது அதுதான். வெளியே பனைகள் முறிகிற சத்தம் காப்பகத்தின் கான்கிரீட் சுவரைத் தாண்டி வயிற்றில் வந்து இடித்தது. அவளுடைய ஹெட்போனிலோ கடலோரத்து ஊர்க் குரல்கள் எல்லாம் அடுத்த வீட்டுச் சன்னலில் நின்று பேசுவது போல வந்தன. இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. இத்தனை வருஷம் ஹாம் ரேடியோவோடு மல்லுக்கட்டியவள், மழைக்காலத்தில் இப்படி ஒரு சுத்தத்தைக் கேட்டதே இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பட்டாள்.

ஆண்டுக்கு மூன்று புயலாவது வந்துபோகும் காலம் அது. புயல் வந்தால் செல்போன் கோபுரம் முதலில் படுக்கும், அப்புறம் மின்சாரம், அப்புறம் சாலை. கடைசிவரை நிற்பது ஹாம்கள்தான், உரிமம் வாங்கி வீட்டிலேயே ரேடியோ வைத்துப் பேசுகிற ஆர்வலர்கள். அரசாங்கம் அதைத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தது, ஆனாலும் கண்டுபிடித்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரம் நெடுக ஒவ்வொரு புயல் காப்பகத்திலும் ஒரு ஹாமை உட்கார வைத்தார்கள். புன்னைத்துறைக்கு ஜெனோவா. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை; ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் நெட்டில் நெட் கன்ட்ரோல். அதாவது, யார் எப்போது பேசலாம் என்று சொல்கிறவள். வகுப்பில் செய்வதைத்தான் காற்றிலும் செய்கிறாள் என்று கஸ்பார் கேலி செய்வான்.

கஸ்பார் அவள் புருஷன். விசைப்படகு எஞ்சின் பழுது பார்ப்பவன், அவனும் ஹாம்தான். அன்றைக்கு அவன் இருந்தது ஊருக்கு மேற்கே, செம்மணல் தேரியின் உச்சியில், ஒரு ஆள் மட்டும் முழங்கை இடிக்காமல் இருக்கக்கூடிய கான்கிரீட் அறையில். மேட்டில் இருப்பதால் அவன் குரல் எல்லா ஊருக்கும் எட்டும். மாவட்டத் தலைநகருக்குச் செய்தி போவதும் அவன் வழியாகத்தான். காலையில் வருகை எடுத்தபோது வாயில் எதையோ மென்றுகொண்டே பதில் சொன்னான். பிஸ்கட்டா என்று கேட்டாள். பிஸ்கட்தான், உனக்கும் வேணுமா என்றான். மைக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லாதீர்கள், ஏழு ஊர் கேட்கிறது என்று அதட்டினாள். ஏழு ஊரும் சிரித்தது.

எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்பார்களே, அந்த ஜாதி கஸ்பார். சொன்ன வேலையை ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் செய்வான். ஒரே ஒரு வேலையில் மட்டும் அவனுக்குச் சோம்பல் கிடையாது. ஆன்டெனாவும் கேபிளும் சேருகிற கனெக்டருக்குள் மழை இறங்காமல் கட்டுவது.

கட்டைவிரல் மொத்தமே இருக்கும் அந்தத் திருகு, ஹாம்களின் பரம்பரைத் தலைவலி. அதற்குள் ஒரு சொட்டு இறங்கினால் போதும். கேபிளுக்குள் இருக்கும் செம்புப் பின்னல், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல அதை இழுத்துக்கொண்டே போகும். கடலோரத்தில் மழையோடு உப்பும் சேர்ந்துகொள்ளும். ஒரு வருஷத்தில் செம்பு பச்சை பூத்து, நாம் பேசுவது ஆன்டெனாவுக்குப் போகாமல் கேபிளுக்குள்ளேயே செத்துவிடும். அதற்குக் கஸ்பாரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் ஜெனோவாவின் ஹேர் டிரையரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு கம்பத்தில் ஏறி, கனெக்டரைச் சூடு பறக்கக் காயவைப்பான். பிறகு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துக் கீழிருந்து மேலாகச் சுற்றுவான், ஓடு வேய்வது போல. கடைசியில் கேபிளை ஒரு தொங்கல் விட்டு வளைத்து, கட்டின் அடியில் ஊசியால் ஒரு துளை போடுவான். சொட்டுத் துளை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தான்.

இவ்வளவு பாடுபட்டு அடைத்துவிட்டு ஓட்டை எதற்கு என்று ஜெனோவா கல்யாணமான புதிதில் கேட்டாள். எப்படி அடைத்தாலும் ஈரம் உள்ளே வரத்தான் செய்யும், வந்தது போக வழி வேண்டாமா என்றான். வழி இருந்தது, அதனால் கரகரப்பும் இருந்தது. மழை இறங்கி, காற்று கம்பத்தை ஆட்டும்போதெல்லாம் அவன் குரலோடு கரகர, மொறுமொறு என்று ஒரு சத்தம் சேர்ந்து வரும். நெட்டில் அது பெரிய பகடி. கண்ணை மூடிக்கொண்டு கஸ்பாரை அடையாளம் காணலாம் என்பார்கள்.

உயிர்ப்பசை வந்த பிறகு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை என்றாயிற்று. ஒரு ஆய்வுக்கூடத்தில் செய்தது அது. கரிய பசை, ஆனால் உயிருள்ள பசை. ஈரம் எங்கே ஊர்கிறதோ அங்கே ஊர்ந்துபோய், அந்த ஈரத்தையே குடித்து, ரப்பர் மாதிரித் தோல் வளர்த்து அடைத்துவிடும். காய்ந்ததும் தூங்கிப்போகும். மறுபடி விரிசல் விட்டால் எழுந்து மறுபடி அடைக்கும். ஐப்பசியில் ஆய்வுக்கூடத்திலிருந்து மீனலோசனி என்ற பெண் டியூப் டியூப்பாகக் கொண்டுவந்து ஹாம்களைக் கூட்டிக் காட்டினாள். பூசுவதற்கு முன் கனெக்டரை நன்றாகக் காயவைக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அந்த வாரம் முழுக்கத் தூறல். காற்றழுத்தத் தாழ்வு என்று எச்சரிக்கை வேறு. காயவைக்க நேரமில்லை, பசைதான் ஈரத்தைக் குடிக்கிறதே, அப்படியே பூசிவிடலாம் என்று சொன்னது ஜெனோவா. மீனலோசனி கொஞ்சம் யோசித்து, தலையாட்டினாள். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

கஸ்பார் மட்டும் பசைக்கு அட்டை என்று பெயர் வைத்தான். "ஏட்டி, ஈரத்த உள்ள வச்சு மூடக் கூடாது. வெளிய போக வழி இல்லன்னா அது உள்ளுக்குள்ள வழி தேடும்" என்றான். எஞ்சின் பார்க்கிறவருக்கு எல்லாமே எண்ணெய்க் கசிவுதான் என்று அவள் சொல்லிவிட்டாள். தேரி அறையில் பசை பூசச்சொல்லி நச்சரித்தாள். அவன் நாளைக்கு, நாளைக்கு என்றான். ஒருநாள் கை கழுவிக்கொண்டே, "போட்டாச்சு. நீ சொன்ன மாதிரியே. ஓட்டை கீட்டை ஒண்ணும் விடல. சந்தோசமா?" என்றான். அவன் முகத்தில் சிரிப்பிருந்தது. அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். அதனால் அவள் பாதிதான் நம்பினாள்.

அந்த மீனலோசனியும் இன்று புன்னைத்துறைக் காப்பகத்தில்தான் இருந்தாள். பசை எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த இடத்தில் புயல் முந்திக்கொண்டது. ஊர் மொத்தமும் அந்தக் கூடத்துக்குள் பாய் விரித்திருந்தது. நடுப்பகல், ஆனால் இரும்புக் கதவும் இரும்புச் சன்னல்களும் சாத்தியிருந்ததால் லாந்தர் வெளிச்சம்தான். காலையில் கூடத்தைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு படுத்திருந்தன. பரவாயில்லை, தூங்குகிறதுகள் என்று தாய்மார்கள் நிம்மதியாக இருந்தார்கள். அவர்களும் கொட்டாவி விட்டார்கள்.

ஒரு பிள்ளை வாந்தியெடுத்தது. அதை வெளியே கொட்டக் கதவைத் திறக்கப்போன தொம்மை திரும்பி வந்தான். வள்ளத்தைத் தனியாளாகக் கரையேற்றுகிற உடம்பு அவனுக்கு.

"டீச்சர், கதவு தொறக்க மாட்டேங்கு" என்றான்.

காற்று அழுத்துகிறது, கொஞ்சம் பொறு என்றாள் ஜெனோவா. காற்றில்லை, நீங்களே வந்து பாருங்கள் என்றான். அவன் குரல் தணிந்திருந்த விதம் அவளை எழுப்பியது. லாந்தரைத் தூக்கிக்கொண்டு போனாள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே, நாலு பக்கமும், கரிய பளபளப்பான தோல் ஓடியிருந்தது. சன்னல்களைச் சுற்றியும் அப்படியே. மேலே காற்றுப்போக்கிகள் இருந்த இடத்தில் கரிய பொட்டுகள். சுவரோரமாக ஒரு நூல் அளவுக்குக் கோடு ஒன்று ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அது அவளுடைய ரேடியோ மேசையில் வந்து, கேபிள் சுவரைத் துளைத்து நுழைகிற இடத்தில் முடிந்தது. முடியவில்லை, அங்கேதான் தொடங்கியிருந்தது.

தொம்மை கத்தியால் கதவோரத்தைக் கீறினான். கீறல் விழுந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடிக்கொண்டது. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான்; தோல் டயர் போல இழுபட்டு, அவனைப் பின்னுக்குத் தள்ளியது.

மீனலோசனி சுவரோடு முதுகைச் சாய்த்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஜெனோவாவுக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை அவள் வாயால் கேட்டாள்.

"கம்பத்துல வச்சுத்தான் டெஸ்ட் பண்ணோம், டீச்சர். வெட்டவெளியில. காய வச்சுப் பூசினா அது அங்கயே தூங்கிடும். நாம ஈரத்தோட பூசிட்டோம். அது தூங்கவே இல்ல. கேபிளோட பின்னலைப் பிடிச்சு உள்ள வந்திருக்கு. இந்தப் பக்கம் இத்தனை பேர் மூச்சு விடறாங்க. மூச்சுல ஈரம் இருக்கு." கதவோரத்துத் தோலைப் பார்த்தாள். "ஈரம் போற வழியத் தேடிப் போய் மூடுன்னு சொல்லிக் குடுத்தோம். எது மழை, எது மூச்சுன்னு சொல்லிக் குடுக்கல."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. ஆனால் கிணறு வெட்டச் சொன்னதில் தனக்கும் பங்குண்டு என்பதை ஜெனோவா அப்போது நினைக்காமல் இல்லை. நினைத்து உட்கார நேரம்தான் இல்லை. பிள்ளைகள் தூங்கவில்லை என்பது இப்போது தெரிந்தது. காற்று மெல்ல மெல்லக் கெடும்போது முதலில் மூச்சு முட்டாது, தூக்கம்தான் வரும். அதைப் பத்தாம் வகுப்புக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள்.

எப்படித் திறப்பது என்று கேட்டாள். மீனலோசனிக்கு அது தெரிந்திருந்தது. உள்ளே பரவியிருப்பதெல்லாம் ஒரே உடம்பு. அதற்கு வேர் வெளியே, ஆன்டெனா கனெக்டரில், மழையில். தண்ணீரும் உப்பும் கேபிளின் பின்னல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. கேபிளைச் சுவரோரத்தில் வெட்டிவிட்டால் உள்ளே இருக்கிற தோல் கொஞ்ச நேரத்தில் வாடி, அப்பளம் போல நொறுங்கிவிடும்.

தொம்மை உடனே கத்தியை எடுத்தான். ஜெனோவா அவன் கையைப் பிடித்தாள்.

கேபிளை வெட்டினால் ரேடியோ ஊமை. வேறு கேபிள் மாட்ட வேண்டுமென்றால் இந்தக் காற்றில் கம்பத்தில் ஏற வேண்டும். கையில் வைத்துப் பேசுகிற சின்ன செட் இந்தச் சுவரைத் தாண்டாது, தாண்டினாலும் அடுத்த ஊரை எட்டாது. கடலோரம் நெடுக எல்லாக் காப்பகத்திலும் இதே பசை. எல்லா ஊரும் உள்ளே மூடிக்கிடக்கிறது. ஏன் தூக்கம் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்குச் சொல்லாமல் இதை வெட்ட முடியாது.

அவள் மைக்கை எடுத்தாள். வகுப்பில் பேசுகிற குரலிலேயே சொன்னாள். கதவைப் பாருங்கள், கரிய தோல் இருந்தால் கேபிளைச் சுவரோரத்தில் வெட்டுங்கள், கொஞ்சம் பொறுத்துக் கதவை நெம்புங்கள். ஏன் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். வெட்டுவதற்கு முன் விடை கேட்டுவிட்டுப் போங்கள் என்றாள்.

இந்த விடை கேட்பது நெட்டின் பழக்கம். சட்டமில்லை, ஆனால் கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினால் எப்படியோ அப்படி. செட்டை அணைக்கப்போகிறவர் நெட் கன்ட்ரோலிடம் விடை கேட்பார்; அவர் பேர் சொல்லி விடை கொடுப்பார். நெட் கன்ட்ரோல் எல்லோரையும் அனுப்பிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். மற்ற நாளில் அது மரியாதை. இன்றைக்கு அதுதான் கணக்கு. விடை வாங்கிக்கொண்டு ஊமையான ஊர் பிழைத்துக்கொள்ளும். விடை வாங்காமல் ஊமையாயிருக்கிற ஊர் தூங்கிக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு ஊராக வந்தது. சிலருக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் அழுதார். ஒருவர், இந்த டியூப்புக்கு ஒப்பந்தம் போட்டவனைச் சந்தித்துக்கொள்கிறேன் என்றார். எல்லோரும் கடைசியில் விடை கேட்டார்கள், அவள் கொடுத்தாள். ஒரு குரல் கேட்காமல் போவதற்காக அவள் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றுதான்.

கீழமுனை மட்டும் வரவில்லை. அங்கே ஞானதுரை என்ற பையன், புதிதாக உரிமம் வாங்கியவன். கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். பேரைச் சொல்லி, வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கீழமுனைக் காப்பகம் சின்னது, கூட்டம் பெரிது. செட்டைத் திறந்து வைத்துக்கொண்டே அவன் மேசையில் சாய்ந்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

பின்னால் ஒரு தாய் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அது கண்ணைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டது. லாந்தர் திரி மங்கியிருந்தது. தொம்மை கத்தியோடு கேபிளுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் இரண்டு பிள்ளைகளும் அந்தப் பாயில்தான் கிடந்தன.

"தேரி, தேரி, நீங்க இன்னும் விடை கேக்கல. வெட்டிட்டு வெளிய வாங்க. கீழமுனைய நான் கூப்பிட்டுக்கிறேன். ஓவர்" என்றாள் ஜெனோவா.

"நீ எப்பிடிட்டி கூப்பிடுவ? உன்கிட்ட ஊரே இருக்கு. நீ வெட்டு. நான் இங்க தனியாத்தான் கெடக்கேன். ஓவர்."

"தனியா இருந்தா மூச்சு வேண்டாமா? அறை தீப்பெட்டி மாதிரி இருக்கு. வெட்டுங்கன்னு சொல்லுதேன். இது நெட் கன்ட்ரோல் சொல்லுது. ஓவர்."

சற்று நேரம் ஒன்றும் வரவில்லை. அந்த நேரத்துக்குள் அவள் எல்லாவற்றையும் நினைத்துவிட்டாள். அவன் வெட்டினால், கீழமுனையை எழுப்ப அவள் இருக்க வேண்டும். இருந்தால் இந்தப் பிள்ளைகள் பிழைக்காது. அவள் வெட்டினால் அவன் இருப்பான், இருந்தால் அவன். இரண்டு பேரும் வெட்டினால் கீழமுனை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

மறுபடி அவன் குரல் வந்தபோது அதோடு அந்தச் சத்தமும் வந்தது. கரகர, மொறுமொறு.

"ஏட்டி, திட்டாத. ஒண்ணு சொல்லுதேன். நான் அந்த அட்டையப் பூசவே இல்ல. டியூப் ஷெட்டுல மேசை டிராயர்ல கெடக்கு. பழைய டேப்புதான் சுத்தியிருக்கேன், ஓட்டையும் விட்டிருக்கேன். கதவு தொறந்துதான் கெடக்கு, மண்ணு பூரா உள்ள வருது. நீ வெட்டு, நான் கீழமுனைய எழுப்புதேன். ஓவர்."

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்தினாள். கரகரப்பு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. காற்று வீச வீசக் கம்பம் ஆடுகிற மாதிரியே.

"பொய் சொல்லாதீங்க. காலைல உங்க குரல் சுத்தமா இருந்துச்சு. ஓவர்."

"காலைல மழை எங்கிருந்துச்சு? தண்ணி இப்பத்தான எறங்குது. உனக்குக் கேக்கலியா, கரகரன்னு? ஏ ஜெனோ, நான் என்னைக்குட்டி நீ சொன்னதக் கேட்டிருக்கேன்?"

அதுதான் அவளை நம்ப வைத்தது. இத்தனை வருஷம் அவள் திட்டித் தீர்த்த அந்தக் கரகரப்பு, இப்போது அவளுக்குக் கோயில் மணியாகக் கேட்டது. எங்கே கரகரப்போ அங்கே ஓட்டை; எங்கே ஓட்டையோ அங்கே காற்று. சொன்ன சொல் கேட்காத புருஷனைக் கொடுத்ததற்காக மாதாவுக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள். கண் நிறைந்துவிட்டது. கோபமும் வந்தது, அது பழக்கத்தில் வந்தது.

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்" என்றாள். பிறகு முறைப்படி சொன்னாள். "நெட் கன்ட்ரோலைத் தேரிகிட்ட ஒப்படைக்கேன். புன்னைத்துறை விடை கேக்குது."

"புன்னைத்துறைக்கு விடை தந்தேன். போயிட்டு வா."

கரகரப்போடு அது முடிந்தது. அவள் தொம்மையைப் பார்த்துத் தலையசைத்தாள்.

வெட்டிய இடத்திலிருந்து இரண்டு சொட்டுக் கறுப்புத் தண்ணீர் வடிந்தது. சுவரில் ஓடிய நூல் சாம்பல் நிறமாயிற்று. கதவோரத்துத் தோல் சுருங்கிச் சொரசொரப்பாகி வெடித்தது. தொம்மையும் இன்னும் நாலு பேரும் கடப்பாரையைக் கொடுத்து நெம்பியபோது, கதவு ஒரு அலறலோடு திறந்து, புயல் உள்ளே வந்தது. மழை பாய்களை நனைத்தது, லாந்தர் அணைந்தது. யாரும் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாக அழத் தொடங்கின. அவ்வளவு இனிமையான அழுகையை அந்த ஊர் கேட்டதில்லை. மீனலோசனி வாசலில் உட்கார்ந்து, மழையில் முகத்தைக் காட்டி, அவளும் அழுதாள்.

மறுநாள் காலையில் காற்று அடங்கியிருந்தது. பாதையில் விழுந்த பனைகளைத் தாண்டித் தாண்டி முதலில் வந்து சேர்ந்தவன் ஞானதுரை. கீழமுனையில் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள் என்று சொல்ல வந்திருந்தான். ஜெனோவா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்து, மிச்சமிருந்த கருப்பட்டிக் காப்பியைக் கொடுத்தாள்.

தனக்கு ஒன்றும் நினைவில்லை என்றான். மேசையில் சாய்ந்து தூங்கிப்போனானாம். தூக்கத்துக்குள் ஒரு குரல் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததாம். முதலில் பாட்டு என்று நினைத்தானாம். பிறகுதான் அது வசவு என்று தெரிந்ததாம்.

"எங்க அப்பன் பேர, தாத்தன் பேரயெல்லாம் சொல்லி வஞ்சாரு, டீச்சர். அந்த ரோசத்துலதான் முழிச்சேன். என்ன செய்யணும்னு சொன்னாரு, செஞ்சோம். பொழுது சாயுற நேரம் இருக்கும்."

"விடை கேட்டியா?"

"கேட்டேன். குடுத்தாரு. போயிட்டு வா தம்பி, எனக்கும் தூக்கம் வருதுன்னாரு."

ஜெனோவா சிரித்தாள். அந்த ஆளுக்கு எப்போதும் தூக்கம்தான். பிறகு, எதற்கென்று தெரியாமலே, பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டாள்.

"அவ்வளவு கரகரப்புல எப்பிடிப்பா உனக்குப் பேச்சு வெளங்குச்சு?"

ஞானதுரை டம்ளரை இறக்கினான். "கரகரப்பா? இல்லியே டீச்சர். கண்ணாடி மாதிரில்லா கேட்டுச்சு."

அவள் தேரிக்கு எப்படிப் போனாள் என்பது அவளுக்கே நினைவில்லை. தொம்மை கூட ஓடிவந்தான். நனைந்த செம்மணல் காலை இழுத்தது. உச்சியில் அந்த அறை நின்றது, கதவு சாத்தி, கதவைச் சுற்றிக் கரிய தோல் வெயிலில் பளபளத்துக்கொண்டு. தட்டினாள். கூப்பிட்டாள். உள்ளே சத்தமில்லை. தொம்மை வெளியே கேபிளை ஒரே வெட்டில் வெட்டினான். வெட்டிய பிறகும் தோல் வாடும்வரை நிற்கத்தான் வேண்டும். கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவள் நின்றாள். அவள் வாழ்நாளில் நின்ற நிற்பெல்லாம் ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.

கதவு திறந்தபோது கஸ்பார் மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தான், எழுப்பினால் இன்னும் கொஞ்ச நேரம் என்று சொல்வான் போல. உடம்பு சில்லிட்டிருந்தது. வலது கைக்குக் கீழே கட்டிங் பிளேயர் கிடந்தது. அதன் வாய் கேபிளைக் கவ்வியிருந்தது; அழுத்துவதற்குள் தூக்கம் வென்றுவிட்டிருந்தது. மேசையின் ஓரத்தில் பிஸ்கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, தின்னாமல், அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் காகிதம் மைக்குக்குப் பக்கத்தில், அவனுடைய இடது கைக்குள், நன்றாகக் கசங்கிக் கிடந்தது. ஜெனோவா அவன் விரல்களைப் பிரித்தபோது அது அவள் கையில் கரகரத்தது, மொறுமொறுத்தது.

தொம்மை தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் நெடுநேரம் கழித்து வந்தாள். அழுது முடிக்கவில்லை, ஆனால் அவளுக்கு ஒன்றைப் பார்த்தாக வேண்டியிருந்தது. புயலில் கம்பம் வளைந்து, ஆன்டெனா கைக்கெட்டும் உயரத்தில் தொங்கியது. கேபிளின் தொங்கலைப் பிடித்துக் கீழே இழுத்தாள். கனெக்டரைச் சுற்றி உயிர்ப்பசை வழவழவென்று, அவ்வளவு பொறுமையாக, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் பூசியிருந்தது. கட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பினாள். அங்கேதான் அவன் எப்போதும் போடுவான். விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம் என்று முகத்தோடு வைத்துப் பார்த்தாள்.

துளை இல்லை. அவள் சொன்ன மாதிரியே செய்திருந்தான்.